ஐப்பசியில் போட்ட ஆவணி வீடியோ

இன்டர்நெட்டை நான் முதன்முதலில் பார்த்தது பொன்னேரியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று நைனா என்னைப் பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். திருப்பாலைவனத்தில் ஏறிய தெரிந்தவர் ஒருவர், "இன்னாபா, அப்பாவும் பொண்ணுமா எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார். "நெட்டு பாக்கப் போறோம்" என்றார் நைனா, ஏதோ கவர்னரைப் பார்க்கப் போகிற தோரணையில். மாடிக்குப் போனதும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். உள்ளே ஏசி இருந்தது. கடைக்காரர் என் நம்பரைத் தட்டினார், பாஸ் என்றார், ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். மவுஸ் என்கிற அந்த எலியை நான் தொடக்கூட இல்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் நெட் என்பது எனக்குப் போய்வருகிற ஓர் இடமாகத்தான் இருந்தது. தாலுகா ஆபீஸ் மாதிரி. வேலை இருந்தால் போவோம், வரிசையில் நிற்போம், படித்தவர் யாராவது நமக்காகத் தட்டிக் கொடுப்பார், திரும்பி வருவோம். வேலை இல்லாமல் அங்கே யார் போவார்கள்?

கல்யாணமாகித் தோணிரேவுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்தபோது வீட்டில் ஒரு பட்டன் போன் இருந்தது. அதை நாங்கள் பேசுவதற்குக்கூட அதிகம் பயன்படுத்தவில்லை. ஏரியிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வருகிறேன் என்று அர்த்தம். இரண்டு கொடுத்தால் ஐஸ் வாங்கிக்கொண்டு கரைக்கு வா. மூன்று கொடுத்தால் வலை கிழிந்துவிட்டது, சோற்றைத் தவிர வேறு எதுவும் கேட்காதே. காசில்லாமலே எங்கள் குடும்பம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு பெரிய போன் வந்தது. அப்பப்பா, அந்த முதல் மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. ஊரில் அப்போது ஏரிக்கரை மேட்டில் மட்டும்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சாயங்காலமானால் ஊரே அங்கே நிற்கும். துணி துவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு துணியும் இல்லாமல் போனவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டு அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொந்த அண்ணி இல்லை, முறைக்கு அண்ணி. அவளுக்கு ஒரு போன் வந்ததும், எழுத்தே தேவையில்லை என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போதும். அமுக்கினாள், பேசினாள், இன்னும் நிறுத்தவில்லை. அதுவரை எழுதத் தெரிந்தவர்களின் சொத்தாக இருந்த நெட், வாயுள்ளவர்களின் சொத்தாகிவிட்டது. எங்கள் ஊரில் வாய்க்கா பஞ்சம்?

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. முதலில் யாரோ போட்டதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது வெளியூர்க்காரர்கள் எங்கள் கரையில் நின்று படம் எடுப்பார்கள், அதை நாங்கள் போனில் பார்ப்போம். எங்கள் தலைக்கு மேல் போன ராக்கெட்டை எங்களுக்கே யாரோ அனுப்பிவைப்பார்கள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாமும் போட்டால் என்ன என்று, நண்டின் காலைக் கடிபடாமல் நாரால் கட்டுவது எப்படி என்று வீடியோ எடுத்துப் போட்டேன். முகம்கூடக் காட்டவில்லை. என் இரண்டு கையும் ஒரு நண்டும்தான். மறுநாள் குவைத்திலிருந்து ஒரு அம்மா, பழவேற்காட்டு பஜாரில் பிறந்த முஸ்லிம் அம்மா, வாய்ஸ் அனுப்பியிருந்தார். "எங்க வாப்பா இப்டிதாம்மா கட்டுவாரு. நாலு தபா பாத்துட்டேன்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பிடிக்காத மாதிரி இருப்பார். "ஏரில மீன் கீதோ இல்லியோ, உன் போன்ல கீது" என்பார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் படுக்கப் போகுமுன் மெதுவாகக் கேட்பார்.

எங்கள் ஊரில் ஸ்டேட்டஸ் என்பதற்கு ஒரு தனிப் பொருள் வந்துவிட்டது. டவுனில் இருப்பவர்கள் பிறந்தநாள் கேக்கையும் கோயில் கோபுரத்தையும் போடுவார்கள். இங்கே அது அன்றைய ஏரி நிலவரம். ஒருவர் கூடையில் இறால் இருப்பதைப் போட்டால் அன்றைக்கு இறால் ஓடுகிறது. வெறும் தண்ணீரைப் போட்டால் ஓடவில்லை. காலையில் டீ குடிக்குமுன் ஆண்கள் ஒரு சுற்று எல்லாருடைய ஸ்டேட்டஸையும் பார்த்துவிடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமே நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் போய் விழுந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊரில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைதான் பாடு. உன் பாடு வருகிற நாளில் குச்சி நட்டு வலை கட்டிக்கொள்ளலாம், யாரும் கிட்டே வரமாட்டார்கள். அடுத்தவர் பாட்டில் வலை வைத்தால், அந்த வருஷம் முழுக்க உன் முறை போய்விடும். எங்களைப் போன்ற வீட்டுக்கு முறை போனால் வருஷமே போன மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டுக்குப் போகிற படகில் பொம்பளை ஏறக்கூடாது.

ஆவணியில் எங்கள் பாடு வந்தது. படகில் எப்போதும் கூடப் போகிற பங்காளி அதற்கு முந்தின நாள் சுண்ணாம்புக்குளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், ஜுரம் வந்து அங்கேயே படுத்துவிட்டார். ஒற்றை ஆளாகப் பாட்டு வலையை இழுக்க முடியாது. விடிகாலையில் என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து வலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரேன், வா" என்றேன்.

"பேஜாராயிடும்மே."

"பாடு போனா மட்டும் ஜாலியா இருக்குமா? எழுந்திரு."

போனோம். ஊரை விட்டுத் தள்ளி, உப்பங்கழிப் பக்கமாகப் போய் நான் ஏறிக்கொண்டேன். வலையை இழுத்தோம். என்ன இறால் அன்றைக்கு! வலைக்குள்ளே மழை பெய்கிற மாதிரி சடசடவென்று சத்தம். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு இழுத்தார், பிறகு தலையைத் திருப்பிச் சிரித்தார். கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரிக்காத மனுஷன். இடுப்பிலிருந்த போனை எடுத்து நான் அதைப் பிடித்துவிட்டேன். இருபது நொடி இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, ஐப்பசியில் எங்கள் கல்யாண நாள் வந்தது. அன்று எங்களுக்குப் பாடு இல்லை. அவர் உடம்பு வலி என்று வீட்டிலேயே தூங்கினார். நானும் ஆசையாக அந்த வீடியோவைத் தேடி எடுத்து, ஒரு சிவப்பு இதயத்தை ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டேன். தேதி எழுதவில்லை. மனைவி புருஷனைப் போடும்போது தேதியா எழுதுவாள்?

அன்றைய பாடு ஊரில் வேறொருவருடையது. அவர் போய் வலையைத் தூக்கியபோது கையளவுகூடத் தேறவில்லை. யாரோ நமக்கு முன்னே வாரிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கொதித்துக்கொண்டு கரைக்கு வந்தவர், டீக்கடையில் உட்கார்ந்து ஸ்டேட்டஸைத் தள்ளினார். அதே இடம். வலை நிறைய இறால். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற என் புருஷன். 'இன்று' என்று போன் சொல்கிறது.

பத்தே நிமிஷத்தில் ஊர் இரண்டாகிவிட்டது. நான் ஓடிப்போய் ஸ்டேட்டஸை அழித்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இல்லை. "பாத்தியா, அழிச்சிட்டா!" என்றார்கள். அதற்குள் அது எல்லார் போனிலும் ஏறியிருந்தது.

வலை காலியானவர் பிராது கொடுத்தார், மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் கொரோனா காலத்திலிருந்து ஒரு பழக்கம் வந்திருந்தது. வேலைக்காகக் காட்டுப்பள்ளிப் பக்கமும் சென்னைக்கும் போன ஆண்கள் குரூப் காலில் கலந்துகொள்வார்கள். ஊர்த் தலைவர் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவார். பக்கத்து வீட்டு அண்ணியின் புருஷன் படகிலிருந்து வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். அதனால் அவரும் போனில்தான். இது போதாதா எங்களுக்கு?

நான் போனபோது அண்ணி வீட்டில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலின் விளிம்பில் போன், எங்கள் பக்கத்துச் சத்தம் அங்கே போகாதபடி மியூட்டில். எங்கள் மேல் பிராது சொன்னவரின் மனைவியும் வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் கிடந்தவர், "நான் ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல" என்று துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

போனில் பிராதுக்காரரின் குரல் கேட்டது. "எங்க பாட்டுல வலைய வாரிக்கினு, அத்த வீடியோ புடிச்சு ஊருக்கே காட்டிக்கினு கீறான். இன்னா தில்லு இருக்கணும்?"

"அது ஆவணில எடுத்தது. இதோ, போன்லயே தேதி கீது, பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு என் போனை அவரிடம்தான் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"தேதியா? எங்க வூட்டுப் புள்ள கேம் ஆடறதுக்கு டெய்லி தேதிய மாத்துது. நானே மாத்திக் காட்டட்டா?" என்றார் பிராதுக்காரர். மாற்றியும் காட்டிவிட்டார் போல. மண்டபத்தில் ஒரே சிரிப்பு.

அந்த இருபது நொடியைக் கண்ணை மூடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வலை, முதுகு, சிரிப்பு, பின்னால் தெற்கே தூரத்தில் மின்சார நிலையத்துப் புகைபோக்கிகள். புகை! ஆவணியில் மேலக்காற்று, புகை கடலைப் பார்த்துப் போகும். இப்போது ஐப்பசி வாடைக்காற்று, புகை கரையைப் பார்த்துச் சாய்கிறது. "பொகையப் பாருங்கய்யா, பொகையப் பாருங்க!" என்று கட்டிலைத் தட்டிக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? மியூட்டில் அல்லவா இருக்கிறோம்.

நல்லவேளை, ஏரியில் பிறந்தவர்கள் அவர்கள். ஒரு நிமிஷம் கழித்து யாரோ, "இருப்பா, பெருசு பண்ணு, அந்தப் பொகைய பெருசு பண்ணு" என்றார். ஆளுக்கு ஆள் பேசினார்கள். கடல் பக்கம்தான் போகிறது என்றார் ஒருவர். மேலக்காற்றேதான் என்றார் இன்னொருவர். தலைவர் முடிவாகச் சொன்னார். "தேதிய மாத்தலாம். காத்த மாத்த முடியுமா?"

அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் பிராதுக்காரர் லேசில் விடுகிறவர் இல்லை.

"செல்ஃபி கேமராவுல எடுத்தா எடது வலதா மாறும். வாடை மேலக்காத்தா தெரியும். எனக்கு அதுகூடத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா?"

"செல்ஃபி இல்லண்ணா. பனியன் முதுகப் பாருங்க, கபடி டீம் பேரு நேராத்தான கீது? செல்ஃபின்னா எழுத்து திரும்பிக்காதா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். பெருமையில் நான் கையைத் தட்டப் போனேன்.

தட்டவில்லை. ஏனென்றால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"கரெக்டு. செல்ஃபி இல்ல. ரெண்டு கையும் வலைலதான் கீது. அப்போ போனப் புடிச்சது யாரு? உன் பங்காளி ஆவணில ஜுரமாப் படுத்துக்கினது ஊருக்கே தெரியும்" என்றார் பிராதுக்காரர்.

என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியும். வாயில் பொய் வராது. வராத பொய்யைத் தேடிக்கொண்டு அப்படியே நிற்பார். இன்னும் அரை நிமிஷம் அப்படி நின்றால், முந்தின நாள் திருடினது உண்மைதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். காற்றைக்கூட நம்ப மாட்டார்கள். எங்கள் பாடு போய்விடும். என் ஆசையால், என் இதயப் படத்தால்.

நான் குனிந்து போனை எடுத்தேன். அண்ணி, "ஏய், இன்னாடி பண்ற?" என்றாள். மியூட்டை எடுத்துவிட்டேன்.

"நான்தான் புடிச்சேன். பாட்டு அன்னைக்கு படகுல நான்தான் இருந்தேன். வலையும் இழுத்தேன், வீடியோவும் எடுத்தேன். அவரு மேல தப்பு இல்ல, இட்டுனு போன்னு கேட்டது நானு."

என் குரல் அந்த மண்டபத்தில் எதிரொலித்துத் திரும்பி என் காதிலேயே விழுந்தது. கோயில் கட்டிய நாளிலிருந்து அங்கே கூட்டத்தில் ஒரு பெண்குரல் கேட்டதில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

"யாரு அது? பொம்பளைங்க எப்டி லைன்ல வந்தாங்க?" என்று யாரோ கத்தினார். "பாட்டுப் படகுல பொம்பளையா?" என்றார் இன்னொருவர். பொன்னான வாய்ப்பு கிடைத்த மாதிரி பிராதுக்காரர், "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ஆரம்பித்தார்.

அண்ணி என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "நானும்தான் போயிருக்கேன். போன வருசம் ரெண்டு தபா. இவருக்கு ஆள் கெடைக்கல. இப்போ இன்னாங்கறீங்க?" கட்டிலில் கிடந்தவர் முகத்துத் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மூலையிலிருந்து ஒருத்தி, "நானும் மூணு தபா" என்றாள். மற்றொருத்தி தன் போனில் குரூப்பிலேயே வாய்ஸ் போட்டுவிட்டாள். மண்டபத்தில் சட்டைப்பைகள் ஒவ்வொன்றாக டிங், டிங் என்று அடிப்பது ஸ்பீக்கர் வழியாக எங்களுக்குக் கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டோம்.

அப்போது வாசற்படியில் இருந்தவள் எழுந்து வந்தாள். பிராதுக்காரரின் மனைவி. நான் ஒதுங்கி வழிவிட்டேன். திட்டப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் போனருகே குனிந்து, தன் புருஷனிடம் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினாள்.

"யோவ். புரட்டாசில நம்ம பாட்டு அன்னைக்கு வலை சிக்கிக்கினப்போ படகுலேந்து தண்ணில எறங்கி அவுத்தது யாரு? நானு. அத்தயும் சொல்லிட்டு அப்பறம் அடுத்த வூட்டுப் பொண்ண கேளு."

பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஆவணி வீடியோதான். பாடு அவன்துதான், அதுல பேச்சே இல்ல" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் முறை, எங்கள் வருஷம், பிழைத்துவிட்டது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"பொம்பளைங்க ஏறுன விசயம்" என்று தலைவர் தொடர்ந்தார். "தண்டம் போடணும்னா ஊருக்கே போடணும்போல கீது. என் வூட்டுலயும் கேக்கணும். அத்த அப்பறம் பாப்போம்." பிறகு எங்களைக் கேட்டார். "அந்தப் பக்கம் எத்தினி பேரு கீறீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எல்லாரும் கீறோம் தலைவரே" என்றேன்.

"சரி. லைன கட் பண்ணிடாதீங்க. முகத்துவாரம் மண்ணு மூடித் தூந்துக்கினு போகுதே, அடுத்தது அந்தப் பேச்சுதான். நீங்களும் சொல்லுங்க."

அண்ணி பழக்கதோஷத்தில் மியூட் பட்டனைத் தொடப்போனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.